காய்ந்தால் தெரியாத நிறம்

உதயகலாவுக்குக் கறையானைக் கண்ணில் காட்டக் கூடாது. பாம்பு வந்தால் வந்த வழியே போய்விடும், கறையான் வந்தால் வீட்டை விழுங்கிவிட்டுத்தான் போகும் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லுவாள். ஆகவே ஒவ்வொரு வருசமும் ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னம் வேலிக் கட்டைகளுக்குக் கழிவொயில் பூசி முடித்துவிடுவாள்.

மானிப்பாய்ப் பக்கத்தில் இது ஒன்றும் புதினமான வேலை இல்லை. கராஜில் வாகனங்களிலிருந்து கழற்றி ஊற்றிய கறுத்த ஒயிலை ஒரு பிளாஸ்டிக் கானில் கேட்டு வாங்கிவந்து, தென்னந்தும்பில் தோய்த்து, பனங்கட்டையின் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு அப்பிவிட வேண்டியதுதான். புருசன் சிவகரன் விடியக் கருக்கலில் கொடிகாமம் சந்தைக்குப் போனால் பின்னேரம்தான் வீடு திரும்புகிற வியாபாரி. அதனால் இந்த முறையும் அவளே சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தாள். வீட்டை ஒட்டிப் போகிற ஒழுங்கை வளைந்து திரும்புகிற முடக்கில் நிற்கிற மூலைக் கட்டையில் கறையான் ஏற்கெனவே புற்றுக் கட்டத் தொடங்கியிருந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் கானில் மிஞ்சியிருந்த அரைவாசி ஒயிலையும் அந்தக் கட்டையின் அடியிலேயே கவிழ்த்து ஊற்றினாள். "இனி வா பாப்பம்" என்று கறையானுக்குச் சவாலும் விட்டாள்.

ஒழுங்கை மணலாக இருந்த காலத்தில் எத்தனை கான் ஊற்றினாலும் மணல் குடித்துவிட்டுப் பேசாமல் கிடக்கும். போன வருசம்தான் ஒழுங்கைக்குத் தார் போட்டார்கள். தார், மணலைப் போல எல்லாவற்றையும் குடிக்காது. இதை யோசிக்க உதயகலாவுக்குத் தோன்றவில்லை. ஒழுங்கை மாறினது கண்ணுக்குத் தெரிந்தது, பழக்கத்தையும் மாற்ற வேண்டும் என்பது தெரியவில்லை. அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை விடியற்புறம் மழை பெய்து, ஆறு மணியளவில் விட்டது. ஆறரை மணிக்கு உதயகலா கிணற்றடியில் குந்தியிருந்து அடிப்பிடித்த சட்டி ஒன்றை மினுக்கிக்கொண்டிருந்தாள். ஒழுங்கைப் பக்கம் தகரத்தை இழுத்து விழுத்தினது போல ஒரு சத்தம். தொடர்ந்து ஒரு பெண்பிள்ளையின் குரல்.

ஓடிப்போய்ப் பார்த்தால், முடக்கில் நிவேதனா விழுந்து கிடந்தாள். அவளுடைய ஸ்கூட்டி மூன்று முழம் தள்ளிச் சரிந்து, பின்சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

நிவேதனா முன்வீட்டுப் பரமலிங்கத்தாரின் ஒரே மகள். கைதடிக்கு உள்பக்கமாக ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். பஸ்சில் போவதென்றால் இரண்டு பஸ் மாறி, இறங்கின இடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடமும் ஸ்கூட்டியும் அவளுக்கு ஒன்றாகவே கிடைத்தவை. ஒன்று போனால் மற்றதும் போய்விடும். தாய் இல்லாத பிள்ளையை றோட்டில் விட்டுவிட்டுப் பரமலிங்கத்தார் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்போடு இருப்பவர். அவரும் சத்தம் கேட்டு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடி வந்தார்.

அவர் வந்து சேர்ந்ததும் உதயகலாவின் வாய் தன்பாட்டில் திறந்தது.

"எத்தினை தரம் சொன்னனான் அண்ணை, மெதுவா ஓடச் சொல்லி! பறந்துகொண்டெல்லே வந்தவள்!"

அவள் கண்டாளா? இல்லை. அவளுடைய கையில் சட்டியின் கரி இன்னும் இருந்தது. நிவேதனா விழுந்தபடியே தலையைத் திருப்பி ஒரு தரம் அவளைப் பார்த்தாள். உதயகலா அந்தப் பார்வையை வலி என்று எடுத்துக்கொண்டு, "ஐயோ பிள்ளை" என்று குனிந்து தூக்கினாள். அந்தப் பதற்றத்தில் றோட்டைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மானிப்பாய் ஆஸ்பத்திரியில் இடக்கை மணிக்கட்டில் எலும்பு வெடித்திருக்கிறது என்று சொல்லிப் பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள். கை ஆறு கிழமையில் குணமாகிவிடும். கதை அப்படிக் குணமாகிற சாதி இல்லை. பறந்து வந்தவள் என்ற சொல் மத்தியானம் கடைவாசலில் எண்பதில் வந்தவள் ஆகி, பின்னேரம் போன் கதைத்துக்கொண்டு வந்தவள் ஆனது. சனிக்கிழமை காலையில் போனின் மற்றப் பக்கத்தில் ஒரு பெடியனும் வந்து சேர்ந்துவிட்டான். ஊரில் ஒருவருக்கும் அந்தப் பெடியனின் பேர் தெரியாது. பேர் தெரியாதது அவர்களுக்கு ஒரு குறையாகவும் படவில்லை.

பரமலிங்கத்தார் மகளின் போனைப் பறித்துத் தன்னுடைய சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஆரோடை கதைச்சனி?" என்ற ஒரே கேள்வியைக் காலையிலும் மாலையிலும் கேட்டார்.

"போன் பைக்குள்ளை இருந்தது அப்பா. விழேக்கைதான் வெளியிலை எறிபட்டது. றோட்டிலை ஒயில். அதிலைதான் சறுக்கினது."

ஒயில் என்றதும் அவர் முடக்குக்குப் போய்ப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் அவர் போனது வெயில் எறித்த மத்தியானம். தார் காய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒயிலும் இல்லை ஒன்றும் இல்லை. "சாட்டுச் சொல்லப் படிச்சிட்டாள்" என்று வந்து வேலிக்கு மேலால் உதயகலாவிடம் சொன்னார். உதயகலா 'உம்' கொட்டினாள். அப்போதும் அவளுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. ஊற்றினது கட்டைக்கு, விழுந்தது றோட்டில். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்கு ஏன் தோன்றப்போகிறது?

திங்கட்கிழமை பின்னேரம் பொசுபொசு என்று ஒரு தூறல். உதயகலா வேலிப் படலையைச் சாத்த வந்தாள். நிவேதனா பிளாஸ்டர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முடக்கில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் தாரில் ஒரு பாய் அகலத்துக்கு நிறங்கள் விரிந்து கிடந்தன. ஊதா, நீலம், மஞ்சள், பச்சை. ஒன்றுக்குள் ஒன்று வளையம் வளையமாக மெல்ல நகர்ந்தன. வடிவென்றால் அப்படி ஒரு வடிவு.

"என்ன பிள்ளை இது? வானவில் விழுந்து கிடக்கு!"

"ஒயில் மாமி," என்றாள் நிவேதனா. "தண்ணியோடை ஒயில் சேராது. மேலை மிதந்து பரவும். ஒரு தலைமயிரை இருநூறாப் பிளந்தால் அதிலை ஒரு பங்கு எவ்வளவு மொத்தமோ, அவ்வளவு மெல்லிசாப் பரவும். அதிலை வெளிச்சம் பட்டால் கொஞ்சம் மேல்பக்கத்திலை பட்டுத் திரும்பும். மிச்சம் உள்ளுக்கை போய் அடிப்பக்கத்திலை பட்டுத் திரும்பும். திரும்பின ரெண்டும் சேரேக்கை சில நிறம் ஒண்டையொண்டு தூக்கிவிடும். சில நிறம் ஒண்டையொண்டு அமத்திப்போடும்."

"அப்ப எல்லா இடமும் ஒரு நிறமாயெல்லே இருக்கவேணும்?"

அவள் கேட்ட கேள்வி நிவேதனாவுக்குப் பிடித்துவிட்டது. மூன்று நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் இருப்பாள் போலும் என்று உதயகலா நினைத்தாள்.

"ஒயில் எல்லா இடமும் ஒரே மொத்தம் இல்லையே மாமி, ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெல்லிசு. மொத்தம் மாற நிறமும் மாறும். இந்த மஞ்சளுக்கு ஒரு மொத்தம், இந்த நீலத்துக்கு வேறை மொத்தம். றோட்டும் கறுப்பு, அடியிலையிருந்து வேறை வெளிச்சம் வந்து குழப்பாது. அதாலைதான் இவ்வளவு எடுப்பாத் தெரியுது."

"உன்ரை அப்பா பாக்கேக்கை ஒண்டும் தெரியேல்லையாமே?"

"காஞ்சால் ஒயில் தார்க்கல்லுக்கு இடையிலை சின்னச் சின்னப் பள்ளத்துக்குள்ளை ஒளிச்சிருக்கும். மழைத்தண்ணிதான் அதை மேலை தூக்கிக்கொண்டு வரும். அப்பாவைக் கூப்பிட்டுப் பாத்தன். அவர் இனி வரமாட்டாராம்." பிறகு, "ஏதும் வாகனம் ஒழுகவிட்டிருக்கும்," என்று சொல்லி உதயகலாவின் முகத்தைப் பார்த்தாள்.

வாகனம்? இந்த ஒழுங்கைக்குள் இரண்டு ஸ்கூட்டியையும் நாலு சைக்கிளையும் விட்டால் வேறு என்ன வாகனம் வருகிறது? உதயகலாவின் கண் அவளைக் கேட்காமலே நிறங்களைப் பின்தொடர்ந்து போனது. முடக்கில் அகலமாகக் கிடந்தது, வேலியை நோக்கி ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் ஒரு விரல் அகலத்தில் மூலைக் கட்டையின் அடியில் போய் நின்றது.

"அப்பிடித்தான் இருக்கும் பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

சிவகரனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "றோட்டிலை கிடக்கிற ஒயிலிலை உன்ரை பேர் எழுதியிருக்கோ? பரமலிங்கத்தாரின்ரை குணம் தெரியாதே உனக்கு? பொலிசுக்கும் போவார். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

"அந்தப் பிள்ளையை என்னவெல்லாம் கதைக்கினம் எண்டு தெரியுமே?"

"சனம் நாலு நாள் கதைக்கும். பிறகு மறக்கும்."

உதயகலா சும்மா இருந்தாள். சும்மா இருப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தரம் இருந்து பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முருங்கையிலைச் சொதி வைத்து, உடைந்த கைக்கு நல்லது என்று முன்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். புதன்கிழமை எள்ளுருண்டை. வியாழக்கிழமை முடக்கில் தாரைச் சவர்க்காரம் போட்டுத் தும்புத்தடியால் தேய்த்தாள். யாரோ வரும் சத்தம் கேட்டதும் மூலைக் கட்டையடியைத் தொடாமலே பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஒயில் ஊற்றினது தெரியாமல் நடந்தது என்று மனதுக்குச் சொல்லிச் சொல்லிச் சமாதானம் பண்ணினாள். மனமும் ஓரளவுக்குச் சமாதானமானது. ஆனால் தெரியாமல் நடந்தது ஒயில் மட்டும்தான். "பறந்துகொண்டெல்லே வந்தவள்" என்று சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த இடம் வந்ததும் அவள் எழும்பிப்போய் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவிடுவாள்.

சனிக்கிழமை பரமலிங்கத்தார் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு முடிவு எடுத்த ஆளின் நிம்மதி இருந்தது.

"தங்கச்சி, நாளைக்குக் காலமை ஒரு ஆள் வந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவார். பேசி முடிச்சிட்டன். பள்ளிக்கூடத்துக்கும் இனி வேண்டாம். கை சுகமானவுடனை எங்கையாவது பாத்துக் கட்டிக் குடுப்பம். நீ அண்டைக்குச் சொல்லியிராட்டி அவள் எனக்குச் சாட்டுச் சொல்லியே ஏமாத்தியிருப்பாள்."

உதயகலா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. எரியுதோ, குளிருதோ, காய்ச்சலோ என்று சிவகரன் கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நவாலிப் பக்கத்திலிருந்து அந்த ஆள் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்கூட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறேக்கை அமத்தினார். பரமலிங்கத்தார் ஸ்கூட்டியின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாசல் கதவடியில் நிவேதனா நின்றாள். அழவில்லை. அவள் அழாமல் நின்றதைத்தான் உதயகலாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தாள். பின்னால் சிவகரன், "எணேய், இஞ்சை வா!" என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணை, அந்த ஆளைப் போகச் சொல்லுங்கோ. பிள்ளை ஒயிலிலை சறுக்கித்தான் விழுந்தவள். அது என்ரை ஒயில். வேலிக் கட்டைக்கு ஊத்தினது வழிஞ்சு முடக்கிலை நிண்டது."

பரமலிங்கத்தார் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உனக்கு எப்பவும் இளகின மனசு தங்கச்சி. அவள் வந்து அழுதவளோ? நான் அண்டைக்கே போய்ப் பாத்தனான். ஒரு சொட்டு ஒயில் அங்கை இல்லை."

"காஞ்சால் தெரியாது அண்ணை."

"காஞ்சால் தெரியாத ஒயிலோ!" என்றார். ஹெல்மெட்டுக்காரரும் சிரித்தார்.

பிழையை மறைக்கப் பட்ட பாட்டை விடப் பெரும்பாடாக இருந்தது, பிழையை நம்பவைப்பது. உதயகலா விறுவிறு என்று கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளினாள். முடக்குக்குக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க வீசி ஊற்றினாள். சாம்பல் நிறத்தில் கிடந்த தார் கறுத்தது. அவ்வளவுதான். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள், வெறும் ஈரம். அவள் தேய்த்துக் கழுவினது இப்போது அவளுக்கே எதிராக நின்றது.

"சரி தங்கச்சி, உன்ரை மனசு எனக்கு விளங்குது," என்று பரமலிங்கத்தார் திரும்பினார்.

"நில்லுங்கோ அண்ணை!" அவள் மறுபடியும் ஓடினாள். இந்தமுறை வாளி தளும்பிச் சீலை நனைந்தது. மூலைக் கட்டையின் அடியில், மண்ணும் தாரும் சந்திக்கிற இடத்தில், மெல்ல மெல்ல ஊற்றினாள். தண்ணீர் கட்டையைச் சுற்றி நிரம்பிப் பிறகு றோட்டில் இறங்கியது. முதலில் மேலே பால் ஆடை மாதிரி ஒரு மங்கல் வந்தது. மங்கல் விரிந்து மஞ்சளானது. மஞ்சளின் விளிம்பில் ஊதா பிறந்தது. அதற்கு வெளியே நீலம். தண்ணீர் போன வழியெல்லாம் நிறமும் போனது. கட்டையிலிருந்து முடக்கு வரைக்கும், நிவேதனா விழுந்து கிடந்த இடம் வரைக்கும் போய் அங்கே பாய் விரித்தது.

பரமலிங்கத்தார் கிட்டப்போய்ச் செருப்புக் காலை அதில் வைத்தார். கால் வழுக்கிக்கொண்டு போனது. ஹெல்மெட்டுக்காரர் பிடித்திராவிட்டால் அவருக்கும் ஒரு பிளாஸ்டர் போட வேண்டி வந்திருக்கும்.

"இவ்வளவு நாளும் இதுக்குள்ளையே கிடந்திருக்கு," என்றார். பிறகு வந்தவரிடம், "தம்பி, குறை நினையாதேங்கோ. ஸ்கூட்டி குடுக்கிறதுக்கு இல்லை," என்று சொல்லி, திறப்பைச் சாரத்துக்குள் செருகினார். உதயகலாவைப் பேசுவார், ஏசுவார், பொலிசுக்குப் போவேன் என்பார் என்று அவள் காத்து நின்றாள். அவர் செய்தது அதைவிட மோசம். அவளைப் புகழ்ந்தார். "தன்ரை பிழையைத் தானே வந்து சொல்ல ஒரு மனசு வேணும். இந்த ஊரிலை ஆர் செய்வினம்?" என்று வந்தவருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு அவரை வழியனுப்பப் போனார்.

உதயகலாவுக்கு மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்தாள். அவ்வளவு மலிவாக முடிந்துவிட்டதே என்று கொஞ்சம் சந்தோசம்கூடப் பட்டாள்.

நிவேதனா பக்கத்தில் வந்து நின்றாள். நிறங்களைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கதைத்தாள்.

"வாளித்தண்ணி ஊத்திக் காட்ட எனக்கும் தெரியும் மாமி. எங்கையிருந்து தொடங்குது எண்டு நான் திங்கட்கிழமையே பாத்திட்டன். நீங்களே சொல்லுவீங்கள் எண்டுதான் காத்திருந்தனான். ஒயில் நீங்கள் தெரியாமல் ஊத்தினது. அதுக்கு எனக்குக் கோவமில்லை."

"வேறை என்னத்துக்குப் பிள்ளை கோவம்?" என்று கேட்டாள் உதயகலா. பதில் தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

"நான் பறந்துகொண்டு வந்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

உதயகலாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த ஆறு நாளும் எழும்பி எழும்பி ஓடிய இடம் இதுதான். இதற்கு மேல் ஓடிப் போய்ச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை.

"அண்ணை," என்று கூப்பிட்டாள். "ஒருக்கா இஞ்சாலை வாங்கோ."

பரமலிங்கத்தார் சிரித்துக்கொண்டு வந்தார். "என்ன, இன்னும் ஒயில் மிச்சமிருக்கோ?"

"பிள்ளை பறந்துகொண்டு வந்தவள் எண்டு அண்டைக்கு உங்களிட்டைச் சொன்னது நான்தானே. நான் காணேல்லை அண்ணை. கிணத்தடியிலை சட்டி மினுக்கிக்கொண்டிருந்தனான். சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தனான்."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. ஒயிலுக்கு வராத கோபம் இப்போது முகத்தில் ஏறியது. "காணாமல் ஏன் சொன்னனி?"

பதகளிப்பில் சொன்னேன், பயத்தில் சொன்னேன் என்று சொல்ல அவளிடம் நியாயங்கள் இருந்தன. ஆறு நாளாக அவற்றைத்தான் அடுக்கி வைத்திருந்தாள். வாய்க்கு வந்தது அவற்றில் ஒன்றும் இல்லை.

"பொம்பிளைப் பிள்ளை ஸ்கூட்டியோடை விழுந்து கிடந்தால் எல்லாரும் சொல்லுறது அதைத்தானே அண்ணை. எனக்கும் அதுதான் வாயிலை வந்தது. நான் சொன்னன். நீங்கள் நம்பினீங்கள்."

பரமலிங்கத்தார் சட்டைப் பைக்குள் கையை விட்டு மகளின் போனை எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அவளிடம் நீட்டினார். நிவேதனா நல்ல கையால் வாங்கிக்கொண்டாள்.

"என்னெண்டு பிள்ளை விழுந்தனி?" என்று கேட்டார். அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தரம்.